பேஸ்பால் லைன்அப்பும் பந்தயக் கைமுதலும்: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் என்பதால் பேஸ்பால் பேச்சு வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது அந்த விளையாட்டின்மேல் எனக்கு நிஜமான பிரியம். கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கும் தம்பிகள், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்து ஒறம்பரைப் பையன்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது இரண்டே விஷயம்: லைன்அப்பை எப்படிப் படிப்பது, பந்தயப் பணத்தை எப்படிக் கட்டிக்காப்பது. முதல் கேள்விக்கு ஆசையோடு பதில் சொல்வேன். இரண்டாவதற்குக் கடைசி வரி வரைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அரைக் கணக்கு தெரிந்தவர்கள்தான் அதிகமாக இழக்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

ஏனுங்ணா, லைன்அப்னா என்னங்க? கிரிக்கெட் பேட்டிங் ஆர்டர் மாதிரிதானுங்களா?

பாதி அப்படித்தான். ஒன்பது பேர் எந்த வரிசையில் பேட் பிடிக்கப் போகிறார்கள் என்பதை ஆட்டம் தொடங்குமுன் ஒரு அட்டையில் எழுதி, ஹோம் பிளேட்டில் (பேட்டர் நிற்கும் இடம்) நடுவரிடம் இரண்டு அணிக்காரர்களும் கொடுக்க வேண்டும். முதலில் உள்ளூர் அணி, பிறகு வந்த அணி. நடுவர் வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து அந்த வரிசை மாறாது.

கிரிக்கெட்டில் அவுட் ஆனவர் பெவிலியனில் உட்கார்ந்துவிடுவார். இங்கே அவுட் ஆனாலும் முறை சுற்றி வரும்போது மறுபடி அவர் வந்தாக வேண்டும். மூன்று அவுட்டில் அரை இன்னிங்ஸ் முடியும். அடுத்த இன்னிங்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐந்தாவது ஆளோடு நின்றிருந்தால் ஆறாவது ஆள் வருவார். அவசரத்துக்கு நல்ல ஆளை முன்னால் தள்ளிவிட முடியாது. வரிசை மாறி யாராவது ஆடி, எதிரணி அடுத்த பந்து வீசப்படுமுன் முறையிட்டால், உண்மையில் வந்திருக்க வேண்டியவருக்கு அவுட்.

இன்னொரு கடுமையான விதியும் உண்டு. மாற்று ஆள் இறங்கினால் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பின்ச் ஹிட்டரை (மாற்று பேட்டர்) இறக்குவதென்றால், ஆட்டம் நீண்டால் என்ன செய்வது என்றும் மேனேஜர் (அணியை நடத்தும் பயிற்சியாளர்) யோசித்தாக வேண்டும்.

பேருக்குப் பக்கத்துல இருக்கிற நம்பர் எதுக்குங்க?

ஃபீல்டிங் இடம். பேட் பிடித்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வர வேண்டிய நிலைகள்தான் பேஸ். பிட்சர் (பந்து வீசுபவர்) 1, கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) 6, இடது, நடு, வலது ஃபீல்டுகள் 7, 8, 9. ஸ்கோர் ஷீட்டில் 6-4-3 என்று பார்த்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்குப் போட்டு, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு அவுட் என்று பொருள். இதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதி விளையாட்டு புரிந்துவிடும்.

டிஎச் என்று ஒருவர் வருகிறாரே, அவர் ஃபீல்டிங்கே செய்வதில்லையே?

டெசிக்னேட்டட் ஹிட்டர். பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிப்பவர். அமெரிக்காவின் மேஜர் லீகில் உள்ள இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1973-லிருந்து உண்டு. மற்றொன்றான நேஷனல் லீக் பல வருடம் வேண்டாம் என்றே இருந்தது. கொரோனா நேரத்து 2020 சீசனில் தற்காலிகமாக வந்து, 2022-லிருந்து அங்கும் நிரந்தரமானது. அதே 2022-ல், பிட்ச் செய்து தனக்கே டிஎச் ஆகவும் இறங்குபவர் பிட்சிங்கை முடித்த பிறகும் டிஎச் ஆகத் தொடரலாம் என்று ஒரு விதி வந்தது. பிட்சிங்கும் பேட்டிங்கும் இரண்டுமே செய்யும் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியை மனதில் வைத்து வந்த விதி என்பது உலகறிந்த விஷயம்.

முதல் ஆளாக யாரை இறக்குவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய பதில்: வேகமாக ஓடுபவரை. அதன் உச்சம் ரிக்கி ஹெண்டர்சன். வாழ்நாளில் 1,406 பேஸ்களைத் திருடியவர் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), ஆட்டத்தின் முதல் ஆளாக வந்து 81 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தவர். ஒன்றாவது ஆள் ஓட்டக்காரர், இரண்டாவது ஆள் அவரை நகர்த்துபவர், மூன்றாவது ஆள் அணியின் சிறந்த பேட்டர், நான்காவது ஆள் பலசாலி என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பாடம்.

இப்போது முதல் ஆளிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: அவுட் ஆகாமல் பேஸுக்குப் போக வேண்டும். அடித்துப் போனாலும் சரி, நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு நடந்து போனாலும் (இதுதான் வாக்) சரி. பிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பரைப் பாருங்கள். 2023-ல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது அடித்து பேஸுக்குப் போகும் விகிதம், .197. நம் ஊர்க் கண்ணுக்கு அது தோற்றுப்போன ஆளின் எண். அதே வருடம் 47 ஹோம் ரன், 126 வாக். பேஸைத் தொட்ட விகிதம் .343. பருத்த உடம்பு, வேகமும் கிடையாது. ஆனாலும் அவரைத்தான் முதலில் இறக்கினார்கள். 2024-ல் ஆட்டத்தின் முதல் ஆளாக வந்து 15 ஹோம் ரன் அடித்து, 2003-லிருந்து அல்போன்சோ சொரியானோ வைத்திருந்த 13 என்ற சாதனையை முறியடித்தார். சராசரியை மட்டும் பார்த்து ஆளை எடைபோடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரிசையில் ஒரு இடம் மேலே கீழே போனால் பெரிய வித்தியாசம் வருமா?

நாமே கணக்குப் போடலாம். ஆட்டம் எந்த ஆளோடு வேண்டுமானாலும் முடியலாம். ஒன்பது இடத்துக்கும் கிட்டத்தட்ட சம வாய்ப்பு. ஆகவே ஒரு இடம் கீழே இறங்கினால் ஆட்டத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு குறையும். 162 ஆட்டத்துக்கு 18. முதல் ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில் சீசனுக்கு 144 தடவை பேட் பிடிக்கும் வாய்ப்பு வித்தியாசம். நல்ல பேட்டரைக் கீழே ஒளித்து வைத்தால் அணி இதைத்தான் இழக்கிறது.

ஆனாலும் அதே ஒன்பது பேரை எப்படி மாற்றி அடுக்கினாலும், சீசன் முழுக்கச் சேர்த்து ஓரிரு வெற்றிக்கு மேல் வித்தியாசம் வராது என்பதுதான் புள்ளிவிவரக்காரர்களின் பொதுவான முடிவு. யார் ஆடுகிறார் என்பதற்குத்தான் எடை அதிகம். எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது அதற்குப் பிறகு.

வரிசையின் அருமை தெரியும் ஆட்டங்களும் உண்டு. 2025 உலகத் தொடரின் (சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம், டாட்ஜர்ஸும் டொரோன்டோ புளூ ஜேஸும், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் போனது. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டம், இங்கே நமக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரம் வரை ஓடியது. முதல் ஆளாக இறங்கிய ஓட்டானி ஒன்பது முறை வந்து ஒன்பது முறையும் பேஸுக்குப் போனார்: இரண்டு ஹோம் ரன், இரண்டு டபுள் (ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரை), ஐந்து வாக். அதில் நான்கு வாக் எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது. அவருக்குப் பந்தே போடாமல் அடுத்த ஆளிடம் மோதிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இப்படி ஒரு ஆளைத் தாண்டிப் போக முடியும் என்கிறபோது அடுத்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் 18-வது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து 6-5 என்று முடித்தார்.

தினம் தினம் லைன்அப் ஏன் மாறுகிறது?

முக்கியக் காரணம் எதிரணிப் பிட்சரின் கை. இடது கை பேட்டருக்கு வலது கைப் பிட்சரின் பந்து நன்றாகத் தெரியும். இடது கைப் பிட்சர் வந்தால் திணறுவார். அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இறக்கும் அணிகள் உண்டு. அப்புறம் ஓய்வு. ஆறு மாதத்தில் 162 ஆட்டம் என்றால் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. கேட்சர் முட்டி மடக்கி உட்கார்ந்தே இருப்பவர். இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகல் ஆட்டம் என்றால் பெரும்பாலும் மாற்றுக் கேட்சர்தான் வருவார்.

லைன்அப் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன் வெளியாகும். தொடக்கப் பிட்சர் பெயர் பல நேரம் ஓரிரு நாள் முன்பே தெரிந்துவிடும். பொதுவாக ஐந்து பேர் சுழற்சியில் வருவார்கள். 2018 மே மாதம் டாம்பா பே அணி, ரிலீவராக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) இருந்த செர்ஜியோ ரோமோவைத் தொடக்கத்தில் சும்மா ஒரு இன்னிங்ஸுக்கு இறக்கி, பிறகு நீண்ட நேரம் வீசுபவரைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ‘தொடக்கப் பிட்சர்’ பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது.

சரிங்ணா, இவ்வளவும் தெரிஞ்சா பந்தயத்துல ஜெயிச்சுரலாமில்லீங்க?

இங்கேதான் நம் பையன்கள் வழுக்கி விழுகிறார்கள். நட்சத்திர பேட்டருக்கு இன்று ஓய்வு என்று உங்கள் போனில் வரும்போது, அது உலகம் முழுக்க எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. பந்தய நிறுவனத்தில் இதற்கென்றே கணினியும் ஆட்களும் இருக்கிறார்கள். நீங்கள் செயலியைத் திறப்பதற்குள் விலை (ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதம்) மாறியிருக்கும். லைன்அப்பை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் ஆட்டத்தை நன்றாக ரசிப்பார். விலையில் ஏற்கெனவே ஏறிவிட்ட செய்தி அவருக்குப் பணம் கொண்டுவராது.

பேஸ்பாலின் இயல்பும் அப்படி. 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அதற்குமேல் எந்த அணியும் தோற்றதில்லை. அந்த அணியும் 41 ஆட்டம் ஜெயித்தது. 2001-ல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தது. உலகத் தொடருக்குப் போகவில்லை. ஒரு தனி ஆட்டத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

மைனஸ் 150, பிளஸ் 130 என்று போட்டிருக்கிறார்களே?

அமெரிக்க முறை. மைனஸ் 150 என்றால் 100 சம்பாதிக்க 150 கட்ட வேண்டும். வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்பது அந்த விலை. பிளஸ் 130 என்றால் 100 கட்டினால் 130 லாபம். வாய்ப்பு சுமார் 43.5 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 103.5 வரும். நூறைத் தாண்டி நிற்கும் அந்த மூன்றரைதான் கடைக்காரர், அதாவது பந்தய நிறுவனத்தின், பங்கு.

இரண்டு பக்கமும் சமமான பந்தயத்தில் வழக்கமான விலை மைனஸ் 110, அதாவது தசம முறையில் சுமார் 1.91 (100 கட்டி ஜெயித்தால் கட்டியதும் சேர்ந்து 191 திரும்பும்). அங்கே நஷ்டமில்லாமல் நிற்கவே 100-க்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். 50-க்கு 50 சொல்கிறவர் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரியாக நாலரை ரூபாய் கொடுத்துவிட்டு வருகிறார்.

பேங்க்ரோல் மேனேஜ்மென்ட் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது என்ன?

பந்தயத்துக்கென்று ஒதுக்கிய கைமுதலை ஒரேயடியாகத் தொலைக்காமல் சிறு சிறு பங்காகக் கட்டும் முறை. வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து தனியாகப் பிரித்து வைப்பது, ஒரு பந்தயத்துக்கு அதில் 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் போகாதது, தோற்றதைப் பிடிக்கத் தொகையைக் கூட்டாதது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. சொல்லப்படும் விதிகள் இவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் நிஜமான கணிதம் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் ஒரு சூத்திரம் எழுதினார். உங்கள் வெற்றி வாய்ப்பையும் விலையையும் கொடுத்தால், கைமுதலில் எத்தனை பங்கு கட்டலாம் என்று அது சொல்லும். 1.91 விலையில் உங்களுக்கு உண்மையாகவே 55 சதவீத வாய்ப்பு இருந்தால் விடை சுமார் 5.5 சதவீதம். மனிதர்கள் தங்கள் திறமையை அதிகமாக மதிப்பிடுவார்கள் என்பதால் அதில் பாதிதான் கட்ட வேண்டும் என்பார்கள்.

அதே சூத்திரத்தில் 52 சதவீதம் என்று போடுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒரு ரூபாய்கூடக் கட்டாதே என்று பொருள். கெல்லி பெயரைச் சொல்லும் வீடியோக்களில் இந்தப் பாதியை நான் பார்த்ததே இல்லை.

ரெண்டு பர்சன்ட் ரூல் வெச்சுட்டா நட்டம் வராதுங்களே?

வரும். மெதுவாக வரும். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

ஒரு தம்பி 10,000 ரூபாய் கைமுதல் வைத்திருக்கிறார். ஒழுக்கமாக ஒரு பந்தயத்துக்கு 200 ரூபாய். ஒரு நாளுக்கு ஐந்து. சீசன் ஆறு மாதம், சுமார் 180 நாள். மொத்தம் 900 பந்தயம். பாதிக்குப் பாதி ஜெயிக்கிறார், விலை 1.91. ஒரு பந்தயத்துக்குச் சராசரி இழப்பு 9 ரூபாய். 900-ஐப் பெருக்குங்கள்: 8,100 ரூபாய். ஒரு நாளும் கட்டுப்பாட்டை மீறவில்லை, கோபத்தில் கூட்டிக் கட்டவில்லை. ஆனாலும் சீசன் முடிவில் கைமுதலில் ஐந்தில் நான்கு பங்கு போயிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் அதிகமாக மிஞ்சும், இல்லாவிட்டால் அதற்கு முன்பே காலி.

நம்ம ஊரில் ஏலச்சீட்டு தெரியாதவர் இல்லை. பதிவுபெற்ற சீட்டில் நடத்துபவருக்குச் சட்டப்படி 5 சதவீதம் வரை கமிஷன் இருந்தது. 2019 திருத்தத்தில் 7 ஆனது. ஆனால் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், சீட்டு முடியும் வரைக்கும் சேர்த்து ஒரு உறுப்பினர் தலையில் விழுவது ஒரு லட்சத்துக்கு ஒரு தடவை கமிஷன்தான். மீதி நமக்குள்ளேயே சுற்றுகிறது. பந்தயத்தில் நாலரை சதவீதம் அதே பணத்தின்மேல் ஒவ்வொரு முறையும் விழுகிறது. மேலே சொன்ன தம்பி 10,000 ரூபாயை வைத்துக்கொண்டு 1,80,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியிருக்கிறார். கமிஷன் போனது அந்த 1,80,000-க்கு.

கைமுதலைப் பாதுகாக்கும் விதிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கம் சாதகம் இருந்தால் அவை அதைக் காப்பாற்றும். சாதகமே இல்லாதபோது, தீர்ந்துபோகும் நாளைத் தள்ளிப்போடுவதைத் தவிர அவற்றால் வேறெதுவும் முடியாது.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்?

100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு தோல்வியில் 12,700 போய்விட்டது. எட்டாவது 12,800. அதில் ஜெயித்தால் 1.91 விலையில் லாபம் 11,648. அதாவது ஜெயித்த பிறகும் 1,052 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. ஏழு தோல்வி தொடர்ந்து வராது என்பீர்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள 100 பந்தயத்தில், எங்காவது ஆறு தோல்வி தொடர்ந்து வருவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஏழு என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

நாலு மேட்சைச் சேர்த்துக் கட்டினால் பெரிய தொகை வருமே?

வரும், வர வேண்டியதைவிடக் குறைவாக வரும். நான்கு சம வாய்ப்புப் பந்தயமும் சேர்ந்து ஜெயிக்க 16-ல் ஒரு வாய்ப்பு. நியாயமான விலை 16 மடங்கு. 1.91-ஐ நான்கு முறை பெருக்கினால் 13.3 தான். கடைக்காரர் பங்கு நாலரையிலிருந்து கிட்டத்தட்ட 17 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

டெலிகிராம்ல ஒருத்தர் அஞ்சு நாளா கரெக்டா சொல்றாருங்க. நம்பலாங்களா?

1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேரிடம் நியூயார்க் யாங்கீஸ் அணி ஜெயிக்கும் என்கிறார், மீதிப் பாதியிடம் தோற்கும் என்கிறார். சரியாக அமைந்த 512 பேருக்கு மட்டும் மறுநாள் அதே மாதிரி. ஐந்தாம் நாள் முடிவில் 32 பேர் மிஞ்சுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் ஐந்துக்கு ஐந்து சரியாகச் சொன்ன மகான். ஆறாம் நாள் கட்டணம் கேட்பார்.

மோசடி செய்யாத ஆளானாலும், 100-ல் 55 சரியாகச் சொன்னார் என்பது ஒன்றையும் காட்டாது. நாணயம் சுண்டினாலும் 55 வருவது சர்வ சாதாரணம். ஆயிரக்கணக்கில் எழுதி வைத்த பதிவு இருந்தால் மட்டுமே திறமையைப் பற்றிப் பேச முடியும்.

இங்கே சட்டப்படி கட்டலாமா?

ஆன்லைனில் பணம் வைத்துக் கட்டக்கூடாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே, திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பாகுபாடில்லாமல், தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய பேண்டஸி செயலிகள் அந்த மாதமே பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன.

மிச்சமிருப்பவை வெளிநாட்டுச் செயலிகள். அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகு பல மாநிலங்களில் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. அங்கே உரிமம், வரி, புகார் சொல்ல ஓர் இடம் உண்டு. உங்கள் போனில் இருக்கும் செயலிக்கு இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் வழக்குப் போடவும் முடியாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். உன் பேங்க் அக்கவுண்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள், தம்பி. பந்தயப் பணமும் மோசடிப் பணமும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. போலீஸ் முதலில் வந்து நிற்பது அக்கவுண்டில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலில்.

ஆட்டக்காரர்களே பந்தயம் கட்டிய கதை உண்டாமே?

உண்டு, அமெரிக்க பேஸ்பால் அந்தக் காயத்தோடுதான் வளர்ந்தது. 1919 உலகத் தொடரை விற்றதாகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேரை, நீதிமன்றம் விடுவித்த பிறகும், 1921-ல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் வாழ்நாள் தடை செய்தார். 4,256 ஹிட் அடித்த பீட் ரோஸ், மேனேஜராக இருந்தபோது பந்தயம் கட்டியதற்காக 1989-ல் வெளியேற்றப்பட்டார். அவர் இறந்த பிறகு 2025-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 2024-ல் டுகுபிடா மார்கானோ என்ற இளம் வீரருக்கு வாழ்நாள் தடை. 2025 நவம்பரில் க்ளீவ்லேண்ட் பிட்சர்கள் இருவர்மேல், குறிப்பிட்ட பந்துகளை முன்கூட்டியே பேசிவைத்து வீசினார்கள் என்று குற்றச்சாட்டு பதிவானது; அவர்கள் அதை மறுத்தார்கள். அதன்பின் தனி ஒரு பந்தின்மேல் கட்டும் தொகைக்கு 200 டாலர் உச்சவரம்பு வந்தது.

ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளர் கதையையும் சொல்லியாக வேண்டும். பந்தயக் கடனை அடைக்க ஓட்டானியின் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 1.7 கோடி டாலர் எடுத்துவிட்டார். 2025-ல் 57 மாதச் சிறைத் தண்டனை. விளையாட்டுக்கு அவரைவிட நெருக்கமாக இருந்தவர் எத்தனை பேர்? லைன்அப் அவருக்கு நம்மைவிட முன்னால் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே நிறைய விட்டாச்சுங்ணா. கடனும் ஆயிருச்சு. என்ன பண்றதுங்க?

முதலில், இதைக் கேட்டதற்காகவே உங்களை மதிக்கிறேன். கேட்காமல் மறைத்துத் தனியாகச் சுமப்பவர்கள்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: செயலியை நீக்குங்கள், அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், யுபிஐ தினசரி வரம்பைக் குறையுங்கள். நம்ம ஊரில் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். ஒன்றரை ஷிப்ட் முடித்து, ராத்திரி எட்டரைக்கு வாரக் கூலியோடு வெளியே வரும் அந்த நேரமும், அன்று ராத்திரியும்தான் கை துறுதுறுக்கும். அந்தப் பணத்தில் பெரும்பங்கை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், அம்மாவோ மனைவியோ அண்ணனோ, அன்றே கொடுத்துவிடுங்கள். கடன் பட்டியலை ஒரு தாளில் முழுசாக எழுதி அவரிடமே காட்டுங்கள். வட்டி அதிகமான கடன் செயலிகளை முதலில் முடியுங்கள். விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இது வெறும் ஒழுக்கக் குறைவு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது; மருத்துவ உதவி உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கோவைக்கும் பெருந்துறைக்கும் போகலாம். பணம் மோசடியாகப் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், சாமி, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 14416-க்குப் பேசுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

காசு வைக்காமல் இந்தக் கணக்குகளைப் பழக வழி உண்டா?

உண்டு, நானே செய்வது. ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, இரு அணிகள், தொடக்கப் பிட்சர்கள், லைன்அப்பில் கண்ட மாற்றம், யாருக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்ற உங்கள் எண், முடிவு. எண்ணை ஆட்டத்துக்கு முன் பேனாவால் எழுத வேண்டும், பிறகு திருத்தக்கூடாது. சீசன் முடிந்ததும், 60 என்று எழுதிய ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவற்றில் நூற்றுக்கு அறுபது ஜெயித்திருந்தால் உங்கள் கண் நல்ல கண். ஆர்வம் இருந்தால் கற்பனையாக நூறு புள்ளி வைத்து, 2 சதவீத விதியோடு 1.91 விலையில் கூட்டிக் கழித்து வாருங்கள். கைமுதல் கரைவது எப்படி என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரியும். கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் நிகழ்தகவு சொல்லித்தர இது நல்ல பயிற்சி.

எப்போது பார்க்கலாம்?

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சீசன், அக்டோபரில் பிளே ஆஃப். நியூயார்க்கில் இரவு 7.05-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை 4.35. லாஸ் ஏஞ்சல்ஸில் 7.10 என்றால் இங்கே காலை 7.40; ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதல் மூன்று இன்னிங்ஸ் பார்க்கலாம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் கிரிக்கெட்டும் இரண்டுமே இருக்கின்றன. மைதானத்தில் இறங்கி ஆடிப் பார்க்க ஆசையென்றால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிப் பட்டியலில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் உண்டு. உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். இடது கையால் வேகமாக வீசுபவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.